அழகாக இருந்தால் தள்ளு

எனக்குச் சம்பளம் கொடுப்பது கல்லைத் தள்ளுவதற்காக. யாராவது என்ன வேலை என்று கேட்டால் மலைப்பாதைப் பராமரிப்பு என்று சொல்லிவிடுவேன், கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மையில் காலையில் மலைக்குப் போய், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போன கற்களைக் காலால் தள்ளிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். வேலையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கோபக்காரிக்கு ஏற்ற வேலை.

உச்சிக்குப் போகும் பாதையில் ஓர் அளவுக்கு மேல் மரமும் கிடையாது, மண்ணும் கிடையாது. வெறும் பாறை. பாறையில் கால்தடம் பதியாது. பலகை நட்டால் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் எங்கள் அலுவலகம் அங்கே கல்லை அடுக்கி அடையாளம் வைத்திருக்கிறது. அதை நாங்கள் வழிக்கல் என்போம். பனிமூட்டம் இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அப்போது ஒரு வழிக்கல்லிடம் நின்றுகொண்டு அடுத்த வழிக்கல்லைத் தேட வேண்டும். தெரிந்தால் போகலாம். தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அப்படி நின்றவர்கள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். 'இந்தப் பக்கமாகத்தான் இருக்கும்' என்று கிளம்பியவர்களை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

இவ்வளவு எளிமையான ஏற்பாட்டைக் கெடுக்க யாருக்கு மனசு வரும் என்று கேட்காதீர்கள். வருகிறவர்கள் எல்லாருக்கும் வருகிறது. ஏறி வந்த களைப்பில் உட்காருவார்கள், கையைச் சும்மா வைத்துக்கொள்ள மாட்டார்கள், நாலு கல்லை எடுத்து அடுக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், மனநிம்மதி கிடைத்தது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். அவர்கள் விட்டுப்போன மனநிம்மதியை வழிக்கல் என்று நம்பி நடந்த ஓர் ஆசிரியர் பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் போலிகளைத் தள்ளுவதற்கென்றே என்னையும் இன்னும் சிலரையும் வேலைக்கு எடுத்தார்கள்.

நிஜத்தையும் போலியையும் எப்படிப் பிரிப்பது? முதல் நாளே மேலாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "அழகா இருந்தா தள்ளு." வழிக்கல் குட்டையாக இருக்கும், அடி அகலமாக இருக்கும், உதைத்தால் அசையாது, பார்க்க லட்சணமாக இருக்காது. போலி ஒல்லியாக, உயரமாக, உச்சியில் ஒரு குட்டிக் கல்லோடு சிங்காரித்துக்கொண்டு நிற்கும். இதில் தப்பே வராது. நானும் குட்டை, அகலம். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்த்த என் கணவரின் சித்தி, "பொண்ணு நல்லா உறுதியா இருக்கா" என்றார். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் அலுவலகத்தில் அது பெரிய பாராட்டு.

என்னோடு வேலை செய்பவர்களில் ஒருவருக்கு இடியண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறோம். நாங்கள் போலியைக் குனிந்து பிரித்துப் போடுவோம். அவர் ஓடி வந்து உதைப்பார். விடுமுறை நாளிலும் அவருக்குக் கால் சும்மா இருக்காது என்று அவருடைய மனைவி சொல்லியிருக்கிறார்.

இன்னொரு வேலையும் உண்டு. பெரிய கூட்டம் ஒன்று மேலே இருக்கும்போது மூட்டம் கவிந்துவிட்டால், கல் மட்டும் போதாது. மேலாளர் எங்களுக்கு ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிவிட்டு, ஒவ்வொரு வழிக்கல்லுக்கும் பக்கத்தில் ஒருவரை நிறுத்துவார். அன்றைக்கு நாங்களே வழிக்கல். நகரக் கூடாது. பேசக் கூடாது, பேசினால் குரல் வந்த திசை தெரியாமல் ஆட்கள் பாதையை விட்டு இறங்கிவிடுவார்கள். ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து அடுத்தவர் தெரிய வேண்டும். அவ்வளவுதான். மூக்கு அரித்தால்கூடச் சொறிய யோசிப்போம்.

என் வேலையைப் பற்றி இத்தனை சொன்னது என் மாமனாரைப் பற்றிச் சொல்வதற்காக.

மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மேலே, கீழே என்ற இரண்டு திசைகளை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றியவர். மாமியார் இருந்தவரைக்கும் இடது வலது எல்லாம் மாமியாரின் பொறுப்பு. அவர் போன பிறகு மாமாவுக்குத் தினமும் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். காலையில் டீ குடித்துவிட்டுப் பூங்காவுக்குப் போய், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்தின் கண்ணாடி லிஃப்ட் ஏறி இறங்குவதைக் குறை சொல்லிவிட்டுத் திரும்பி வர வேண்டும். வழி ஒன்றும் பிரமாதம் இல்லை. வாசலிலிருந்து நேராகப் போனால் சலவைக் கடை முனை. அங்கே இடது பக்கம் திரும்பினால் மருந்துக் கடை முனை. அங்கே வலது பக்கம் திரும்பினால் பூங்கா.

அந்த வழி அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவ ஆரம்பித்தது. முதல் தடவை பஸ் டிப்போவில், புறப்படாத ஒரு பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தடவை முன்பின் தெரியாத ஒரு வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் அவரை யாரோ தூரத்து உறவு என்று நினைத்து, யார் என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாடும் போட்டுவிட்டார்கள்.

என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை, காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நடக்கக்கூடிய விபத்துகளை முன்கூட்டியே யோசிப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். ஒன்பதாவது மாடியில் வீடு. இரண்டாம் தடவை நடந்த அன்று மாலை வந்து எங்கள் கூடத்தில் நின்றாள்.

"அண்ணி, இன்னொரு தடவை அப்பா தொலைஞ்சா நான் கூட்டிட்டுப் போயிடுவேன். எங்க வீட்டுல கதவைப் பூட்டி வெச்சா எங்கயும் போக முடியாது."

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். வீட்டில் எந்தப் பிரச்சினை வந்தாலும் "பார்க்கலாம்" என்பார். அன்றைக்கும் "பார்க்கலாம்" என்றார்.

மாமா எழுந்து தன் அறைக்குப் போனார். நான் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் டீயைத் தொடவில்லை.

"அந்தக் கட்டடத்து லிஃப்ட் அஞ்சாவது மாடியில ஒரு குலுக்கு குலுக்கும்மா. கயிறு சரியில்ல" என்றார்.

"அதெல்லாம் பார்த்துக்குவாங்க மாமா."

"அது இல்லம்மா." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "நான் தனியா போயிட்டுத் தனியா வரணும். கூட ஒரு ஆள் வந்தா அது நடை இல்ல, காவல். பூட்டி மட்டும் வெச்சிடாதீங்க. நான் மூடின லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்திருக்கேன். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு."

என் மாமனாரை எனக்குப் பிடிக்கும். கல்யாணமான புதிதில் என் வேலையைக் கேட்டு மொத்தக் குடும்பமும் சிரித்தபோது, "கல்லு சரியா இருக்கான்னு ஒருத்தர் பார்க்கத்தானே வேணும்" என்று சொன்ன ஒரே ஆள் அவர்.

அந்த வாரமே தெருவில் கல் அடுக்கினேன்.

மலையிலிருந்து கல் எடுத்துவரக் கூடாது. எடுத்துவருபவர்களைத் திட்டுவதும் என் வேலைதான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கெஞ்சி வாங்கிவந்தேன். முதலில் முறைப்படி குட்டையாக, அகலமாக அடுக்கினேன். மறுநாள் காலையில் தெருக் கூட்டும் அம்மா எல்லாவற்றையும் வாரி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கேட்டால், "குப்பைன்னு நினைச்சேன்" என்றார். அவர்மேல் தப்பில்லை. லட்சணமில்லாத கல் மலையில் வழி, ஊரில் குப்பை.

அதனால் மானத்தை விட்டு அழகாக அடுக்கினேன். தட்டையான கல்லாகப் பொறுக்கி, பெரிதின்மேல் சிறிதாக, உச்சியில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லும் வைத்து, வாசலில் ஒன்று, சலவைக் கடை முனையில் ஒன்று, மருந்துக் கடை முனையில் ஒன்று, பூங்கா வாயிலில் ஒன்று. திருடுகிறவள் மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் அடுக்கினேன். அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாராயக்கடையை மூடும் அதிகாரி வீட்டில் சாராயம் காய்ச்சின கதைதான் என்னுடையதும். தெருக் கூட்டும் அம்மா அவற்றைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார். "யாரோ ஆசையா செஞ்சிருக்காங்க" என்று எனக்கே சொன்னார்.

மாமாவிடம் விதியைச் சொன்னேன். "கல்லு இருக்கற பக்கம் போங்க. ஒரு கல்லுகிட்ட நின்னு அடுத்த கல்லைத் தேடுங்க. தெரியலைன்னா நகராதீங்க. யார் சொன்னாலும் நகராதீங்க."

மாமாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. "லிஃப்ட்டும் அப்படித்தான். மாடி வராம கதவைத் திறக்கக் கூடாது" என்றார்.

முதலில் கொஞ்ச நாள் தூரத்தில் ஒளிந்து ஒளிந்து பின்னால் போனேன். ஒவ்வொரு கல்லிடமும் நின்று, உச்சியில் இருந்த கூழாங்கல்லை விரலால் தொட்டுவிட்டு, அடுத்ததைத் தேடி, ராஜா மாதிரி நடந்தார். அப்புறம் நான் பின்னால் போவதை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து, "அந்தக் கண்ணாடி லிஃப்ட்டுல இன்னிக்கும் கதவு லேட்டு" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாத்தனாருக்குப் போன் செய்து நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டதும் உண்மை.

தெரு சும்மா இருக்குமா? மருந்துக் கடைக்காரர் முதலில் கேட்டார், "ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா? அளந்து கல்லு வெச்சிருக்காங்களே." இல்லை என்றேன். நான் மறைக்கிறேன் என்று முடிவு கட்டி, கடை முன்பக்கத்தை அவசர அவசரமாக உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டார். சலவைக் கடைக்காரர் தன் வண்டி நிறுத்தும் இடத்தைப் பிடித்துவைக்க அதேபோல் இரண்டு அடுக்கினார். கல்லூரிப் பெண்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே தங்கள் பங்குக்கு ஒன்று வைத்துவிட்டுப் போனார்கள். புதிதாகத் திறந்த அழகு நிலையத்தில் படிக்கட்டின் இரு பக்கமும் அலங்காரமாக அடுக்கினார்கள். மலையில் என்ன நடந்ததோ அதுவே என் தெருவில் நடந்தது. மனநிம்மதி பரவும் வேகம் எனக்குத் தெரியாதா?

ஒரு நாள் மாமா புருவத்தைத் திருத்திக்கொண்டு வந்தார். அழகு நிலையத்துக் கல்லைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார். உள்ளே அடுத்த கல் தெரியவில்லை. அதனால் நகராமல் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவரை அவர்கள் சும்மா விடவில்லை. அப்புறம் அங்கிருந்த பெண்ணே எங்கள் வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். இது தொலைந்ததாக ஆகுமா என்று நானும் கணவரும் சமையலறையில் விவாதித்து, ஆகாது என்று முடிவு செய்தோம். புருவம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் இதை இப்படியே விட முடியாது. போலிகளைத் தள்ளியாக வேண்டும். அக்கம்பக்கத்தில் நான் போய் உதைத்தால் சண்டை வரும். வெளியாள் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அடுப்படி வேலை. இடியண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, எங்க தெருவுல போலி நிறைய வந்துடுச்சு. தள்ளணும்."

"தெருவுலயா?" அவர் குரலில் சந்தோஷம் வழிந்தது. "நம்மளோடது எதுவும் இருக்கா தங்கச்சி?"

"இருக்கு. உங்களுக்கே பார்த்தா தெரியும்."

இதைத்தான் நான் சொன்னேன். பல வருஷமாக மலையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இதைத்தான். எது நம்முடையது என்று எங்களுக்குள் யாரும் விளக்கிச் சொன்னதே கிடையாது. சொன்னால் அவமானம்.

காலையில் அவர் பூங்கா பக்கமிருந்து ஆரம்பித்து எங்கள் வாசலில் முடித்தார். உள்ளே வந்து கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நான் தட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது மாமா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"போயிட்டு வரேன்மா."

"சரி மாமா."

"பார்த்துப் போயிட்டு வாங்க ஐயா, வழி சுத்தமா இருக்கு" என்றார் இடியண்ணன், வாய் நிறையச் சாப்பாட்டோடு.

நாத்தனார் வந்தாள். அப்பா எங்கே என்றாள். பூங்காவில் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. திரும்பி வரும் நேரம் தாண்டியது. கணவர் போய்ப் பார்த்துவிட்டு, "பூங்காவுல இல்ல" என்று வந்து நின்றார். முதல் தடவையாக அவர் "பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. நாத்தனார் கைப்பையை மாட்டிக்கொண்டு டிப்போவுக்கு ஓடினாள். கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பக்கம் போனார். நான் வாசலுக்கு வந்தேன்.

வாசலில் என் கற்கள் சிதறிக் கிடந்தன. உச்சியில் இருந்த வெள்ளைக் கூழாங்கல் சாக்கடை ஓரம் உருண்டிருந்தது.

எனக்கு அந்தக் கணமே எல்லாம் புரிந்தது. புரிந்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லை. உள்ளே திரும்பி ஓடினேன். இடியண்ணனும் தேடப் போக எழுந்து நின்றிருந்தார்.

"வாசல்ல இருந்ததையுமா தள்ளினீங்க?"

"ஆமா. எவ்வளவு சிங்காரம் தங்கச்சி அது! உச்சியில வெள்ளைக் கல்லு வேற."

"சலவைக் கடை முனையில?"

"அதுவும் அழகு. தள்ளிட்டேன்."

"மருந்துக் கடை?"

"இருந்ததுலயே அழகு அதுதான்."

"அப்போ எதைத்தான் விட்டீங்க?"

"ஒண்ணே ஒண்ணு. சலவைக் கடைக்கு வலது பக்கம் முட்டுச் சந்துல, வீடு இடிக்கறாங்களே, அதுக்கு முன்னாடி. நல்ல கல்லு. குட்டையா, அகலமா. ஆனா கவனிக்காம விட்டிருக்கீங்க, ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்துச்சு. நான் அடியைக் கொஞ்சம் பலப்படுத்திட்டு வந்தேன்."

அது இடித்துப் போட்ட செங்கல் குப்பை. அதைத்தான் அவர் அலுவலகத்துக் கல் என்று நினைத்து, நெற்றி வியர்வை சிந்தச் செப்பனிட்டிருக்கிறார். அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். என்ன சொல்லித் திட்டுவது? விதிப்படி அவர் செய்தது முழுக்கச் சரி. அழகாக அடுக்கியவள் நான்.

ஓடும்போதே நாத்தனாருக்குப் போன் செய்தேன். சலவைக் கடை முனையில் நின்று வலது பக்கம் பார்த்தால் அந்தக் குவியல் பளிச்சென்று தெரிந்தது. மாமாவும் இங்கே நின்றிருப்பார். இடது பக்கம் கல் இல்லை. வலது பக்கம் இருந்தது.

குவியலுக்குப் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட். வீடு இடிக்கும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு, சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் மேஸ்திரி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், சார் எந்த ஆபீஸு? காலையில வந்து நின்னவரு. தள்ளி நில்லுங்க சார், கல்லு விழும்னேன். அடுத்தது தெரியற வரைக்கும் நகர முடியாதுன்னாரு. என்ன அடுத்ததுன்னு எங்களுக்குப் புரியல. எதுக்கு வம்புன்னு வேலையை நிறுத்திட்டோம். சேர் போட்டோம், உட்கார மாட்டேங்கறாரு. தண்ணி மட்டும் குடிச்சாரு."

நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் கை கொதித்தது. அழுகை வந்தது, அழுதேன். அழுததில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

"அடுத்த கல்லு காணோம்மா" என்றார் மாமா. "அதான் நின்னுட்டேன்."

"சரியாத்தான் செஞ்சீங்க மாமா."

நாத்தனார் மூச்சு வாங்க ஓடி வந்தாள். பின்னாலேயே கணவர் பைக்கில் வந்து சேர்ந்தார். கடைசியாக இடியண்ணன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. நாத்தனாருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"போதும் அண்ணி. நீங்க சொன்னதெல்லாம் போதும். தெருவுல கல்லை அடுக்கி எங்கப்பாவை விட்டு விளையாடியிருக்கீங்க. இது மூணாவது தடவை. இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்."

"நான் தொலையலயே" என்றார் மாமா, ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு. "கல்லுதான் தொலைஞ்சு போச்சு. நான் நின்ன இடத்துலயேதான் நின்னேன்."

நாத்தனார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். அவர் சங்கடத்தோடு அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, அவள் காதில் விழாத மாதிரி கேட்டார். விழுந்துவிட்டது.

"இந்தப் பொண்ணு யாரும்மா? யாரைத் தேடி அழுவுது?"

நாத்தனார் தோளிலிருந்து கையை எடுத்தாள். இரண்டடி பின்னால் போய் அந்தச் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்தாள். இடியண்ணன் பலப்படுத்தியிருந்ததால் அது அசையவில்லை.

மாமாவை வீட்டுக்குக் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, படுக்க வைத்தோம். நாத்தனார் சமையலறையில் வந்து நின்றாள். அவளோடு சண்டை போடத்தான் நான் தயாராக இருந்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"என்னையே தெரியல அண்ணி. என்னையே தெரியாதவரை எங்க வீட்டுல வெச்சுப் பூட்டினா, அவருக்கு நான் யாரு? யாரோ ஒரு பொம்பளை பூட்டி வெச்சிருக்கா."

நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"ஆனா எனக்குப் பயமா இருக்கு. மறுபடி கல்லு அடுக்குவீங்க, மறுபடி யாராவது தள்ளுவாங்க."

"கல்லு வேண்டாம்" என்றேன். "நீ காலையில எத்தனை மணிக்கு ஆபீஸுக்குக் கிளம்பற?"

மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அழகாக அடுக்கினதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் அவர் முகம் சுளித்தார். பழைய ஆரஞ்சு மேல்சட்டைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

மறு வாரத்திலிருந்து எங்கள் தெருவில் காலையில் ஆட்கள் நிற்கிறார்கள். பூங்கா வாயிலில் இடியண்ணன். யாரும் கூப்பிடவில்லை, தானே வந்து நின்றுகொண்டார். மருந்துக் கடை முனையில் என் கணவர். சலவைக் கடை முனையில் நாத்தனார், ஆபீஸ் உடைமேல் ஆரஞ்சுச் சட்டையும் தோளில் கைப்பையுமாக. வாசலில் நான். மருந்துக் கடைக்காரர் கடையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டார்.

"ஆரஞ்சு சட்டை தெரியற பக்கம் போங்க மாமா" என்று சொன்னேன்.

"அப்போ கல்லு?"

"கல்லுக்கு லீவு."

"பின்னாடி வருவாங்களா?"

"வர மாட்டாங்க. நின்ன இடத்துலயே நிப்பாங்க."

"நிக்கறவங்க நின்னா எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

முதல் நாள் அவர் போகும்போது எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்தார், லிஃப்ட்டைக் குறை சொன்னார், கிளம்பினார். திரும்பி வரும்போது சலவைக் கடை முனையில் நாத்தனாருக்கு எதிரில் வந்து நின்றார். எங்கள் வாசலிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. நாத்தனாருக்கு விதிகளை நான் முந்தின நாள் சொல்லியிருந்தேன். பேசக் கூடாது, நகரக் கூடாது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார். யாரென்று அவருக்குத் தெரியவில்லை என்பது அங்கிருந்தே தெரிந்தது. அவளுடைய கைப்பையின் வார் தோளிலிருந்து சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டி அதை எடுத்துத் தோள்மேல் சரியாக வைத்தார். விழாதா என்று விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அடுத்ததைத் தேடினார்.

அடுத்தது நான். கையை ஆட்டவில்லை, கூப்பிடவில்லை. குட்டையாக, அகலமாக, லட்சணமில்லாமல் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நேராக நடந்து வந்து, என்னைத் தாண்டி, கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே போனார்.